உடம்பின்மேல் வாங்கும் கடன்

தலைமுறைகள் பலவற்றுக்கு முன் இந்நகருக்கு வந்த தமிழருள் பொருளோடு வந்தவர் சிலர். வெறுங்கையோடு வந்தவர் பலர். 1809ஆம் ஆண்டில் பெங்களூர்த் தண்டு உருவாகத் தொடங்கிய காலத்தில் படையோடு வந்தவரும், கல்லுடைத்துக் கட்டடம் எழுப்பியவரும், பின்னாளில் ஆலைகளில் தறியோட்டியவரும், கோலார்த் தங்கவயலில் நிலத்தின் அடிவயிற்றுக்குள் இறங்கியவரும் தம்முடன் கொண்டுவந்த முதல் ஒன்றே. அஃது அவர்தம் உடம்பு. அந்த முதலை நாள்தோறும் செலவிட்டே அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இன்று நாம் சங்கத்தில் கூடித் தமிழ் பேசி மகிழ்வதற்கும், இத்தகைய மலர்கள் வெளியிடுவதற்கும் அவர்கள் சிந்திய வியர்வையே அடிப்படை. ஆகவே உடம்பைப் பற்றிய கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வியன்று, வீட்டுக் கேள்வி.

அண்மையில் நம் நண்பர் ஒருவரின் மகன் நம்மைக் காண வந்தார். அகவை இருபத்து மூன்று. ஓராண்டுக்கு முன் நாம் கண்ட மெலிந்த பிள்ளைதானா இவர் என வியக்கும்படி தோளும் மார்பும் திரண்டிருந்தன. ஆணழகன் போட்டியில் கலந்துகொள்ளப் போவதாகக் கூறினார். பேச்சின் இடையே, வாரந்தோறும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதையும், பழக்கமான ஒருவர் அதனை வாங்கித் தருவதையும் ஒளிக்காமல் சொன்னார். நாம் பதறிப்போய் அறிவுரை கூறத் தொடங்கினோம். அவர் பணிவாகவே நம்மை நிறுத்தி வினவினார்:

“ஐயா, எங்கள் தாத்தா தங்கவயலில் சுரங்கத்தில் வேலை செய்தவர். கல்தூசி நுரையீரலை அரித்து, இருமி இருமியே இறந்துபோனார். உடம்பை விற்றுத்தான் எங்கள் அப்பாவைப் படிக்க வைத்தார். அதைத் தியாகம் என்று நீங்கள் எல்லாரும் மேடையில் பேசுகிறீர்கள். நானும் என் உடம்பைச் செலவிட்டு ஒன்றை அடைய நினைக்கிறேன். அவர் செய்தது தியாகம், நான் செய்வது குற்றமா? என் உடம்பு எனக்குச் சொந்தமில்லையா?”

அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. “தம்பி, எண்ணிப் பார்த்துச் சொல்கிறோம்” என்று மட்டும் கூறி அனுப்பினோம். எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

மருந்தின் கதை

கேள்விக்கு நேர்மையான விடை வேண்டுமாயின், முதலில் அந்த மருந்தைப் பற்றி நேர்மையாகப் பேசவேண்டும். ஸ்டீராய்டு என்னும் பெயரைக் கேட்டதும் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிவிடுதல் கூடாது. ஆஸ்துமாவுக்கும் மூட்டு அழற்சிக்கும் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு. நாம் பேசுவது அனபாலிக் ஸ்டீராய்டு எனப்படும் தசை வளர்க்கும் வகையை. இது டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை இயக்குநீரின் இனத்தைச் சேர்ந்தது.

1935ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் லக்கேர் என்னும் அறிஞரின் குழுவினர் காளைகளின் விரைகளிலிருந்து இந்த இயக்குநீரைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அவ்வாண்டிலேயே புட்டனாண்ட், ருசிக்கா என்னும் இருவர் அதனை ஆய்வுக்கூடத்தில் தனித்தனியே உருவாக்கிக் காட்டினர். 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1958இல் சீபா நிறுவனம் டயனபால் என்னும் மாத்திரையை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நோயால் நலிந்தோரைத் தேற்றுதற்கு வந்த மாத்திரை, விரைவில் பளுத்தூக்குவோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

மருந்து பயன் தராது, வெறும் நீரே பெருகும் என்று முற்காலத்தில் மருத்துவர் சிலர் சொல்லி வந்தனர். அஃது உண்மையன்று. இந்திய வழியினரான ஷலேந்தர் பாசின் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 1996இல் வெளியான ஆய்வு அதனைத் தெளிவாக்கியது. வாரம் 600 மில்லிகிராம் வீதம் பத்து வாரம் டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்கள், எவ்வகைப் பயிற்சியும் செய்யாமலே, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஏறத்தாழ 3.2 கிலோ கூடினர். மருந்தின்றி முறையாகப் பயிற்சி செய்தவர்கள் கூடியது 1.9 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்கள் 6.1 கிலோ கூடினர்.

பயிற்சி செய்யாமல் இருந்தவர், வியர்வை சிந்தி உழைத்தவரை மிஞ்சினார் என்னும் இந்த எண்ணிக்கையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. மறைத்தால் இளைஞர் நம்மை நம்பமாட்டார். தம் கண்ணாடியையே நம்புவார்.

பெங்களூரின் ஆணழகர்

இவ்விடத்தில் நம் நகர்க்குரிய ஒருவரை நினைவு கூர்தல் தகும். கன்னடத்தில் ‘சாந்தலா’ என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதிய கே. வி. ஐயர், எழுத்தாளராதற்கு முன்பே உடற்பயிற்சி ஆசானாகப் பெயர் பெற்றவர். இந்நகரில் ஹெர்குலிஸ் என்னும் பெயரால் பயிற்சிக்கூடம் நடத்தினார். யோகாசனத்தையும் எடைப் பயிற்சியையும் இணைத்துக் கற்பித்தார். சூரிய வணக்கத்தைப் பற்றியும் நூல் எழுதினார். 1936இல் உடலழகைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் உள்ள அவருடைய ஒளிப்படங்களை இன்று காண்பவரும் வியப்பர்.

ஆண்டைக் கவனித்தல் வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டதற்கு மறு ஆண்டு அது. ஐரோப்பாவின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குப்பிக்குள் அடங்கியிருந்த பொருள், பெங்களூர்ப் பயிற்சிக்கூடத்துக்கு வந்திராத காலம். ஐயரின் தோளும் மார்பும் எப்படி வந்தன என்று யாரும் ஐயுற வேண்டியிருக்கவில்லை. அவ்வுடம்பு, அவர் எழுந்த விடியல்களுக்கும் உண்ட உணவுக்கும் பெற்ற ஓய்வுக்கும் சான்றாக நின்றது.

இன்றைய இளைஞரோ, தம் உடம்பை ஐயரின் உடம்போடு ஒப்பிடுவதில்லை. ஊசியால் பருத்த உடம்புகளோடு ஒப்பிடுகின்றனர். ஈராண்டு உழைத்தும் அவ்வளவு வரவில்லையே எனத் தம்மைத் தாமே இகழ்ந்துகொள்கின்றனர். பொய்யான அளவுகோலால் அளந்தால் மெய்யான வளர்ச்சியும் குறையாகவே தோன்றும் அன்றோ?

கொடுப்பதும் கொள்வதும்

மருந்து கொடுப்பதைக் கண்டோம். கொள்வதையும் காண்போம்.

உடம்புக்குள் ஒரு கணக்கு உண்டு. குருதியில் இயக்குநீர் எவ்வளவு உள்ளது என்பதை மூளையும் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியும் ஓயாது அளந்துகொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து மிகுதியாக வந்து சேர்ந்தால், ‘இனி நாம் உண்டாக்க வேண்டுவதில்லை’ என அவை தம் கட்டளையை நிறுத்திவிடுகின்றன. விரைகள் சுருங்குகின்றன, விந்தணுக்கள் குறைந்து, சிலரிடம் அறவே இல்லாமலும் போகின்றன. ஊசியை நிறுத்திய பின் அந்த ஆலை மீண்டும் இயங்கப் பல திங்கள் ஆகலாம். சிலருக்கு ஆண்டுகளும் ஆகலாம். அந்த இடைக்காலத்தில் சோர்வும் மனவாட்டமும் சூழ்கின்றன. அதனைத் தாங்க மாட்டாமல் மீண்டும் ஊசியை நாடுவோர் உண்டு. இங்ஙனம் மருந்து பழக்கமாகிறது, பழக்கம் தளையாகிறது.

மிகுந்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடம்பு பெண்மை இயக்குநீராக மாற்றுவதால் ஆண்களுக்கு மார்பகம் பருத்தலும் நேர்கிறது. மாத்திரை வகைகள் பல ஈரலைத் தாக்குகின்றன. மஞ்சட்காமாலையும், ஈரலில் குருதிக் குமிழ்களும், கட்டிகளும் தோன்றக்கூடும். வளரும் பருவத்தினர் உட்கொண்டால் எலும்பின் வளர்முனை முன்னதாகவே மூடி, உயரம் நின்றுவிடும். பெண்களுக்குக் குரல் தடித்தால் அது பெரும்பாலும் மீள்வதில்லை.

இவை வெளியே தெரிவன. தெரியாமல் நடப்பது இதயத்தில். நன்மை செய்யும் கொழுப்பு குறைந்து தீமை செய்வது கூடுகிறது, குருதி தடிக்கிறது, குருதி அழுத்தம் ஏறுகிறது, இதயச் சுவரும் தடிக்கிறது. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, எடைப் பயிற்சி செய்யும் ஆடவர் 140 பேரை ஆராய்ந்தது. இதயத்தின் இடக் கீழறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள குருதியில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்பது இதயத்தின் வலிமைக்கு ஓர் அளவு. மருந்தை நாடாதவரிடம் அது சராசரியாக 63 விழுக்காடு, நாடியவரிடம் 52. மார்பு பெருக்க, மார்புக்குள் இருப்பது மெலிகிறது.

டென்மார்க்கில் பயிற்சிக்கூடச் சோதனைகளில் அகப்பட்ட 1189 ஆடவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, 2024இல் முடிவை வெளியிட்டனர். அவர்களிடையே இறப்பு, அதே அகவையுடைய ஏனையோரிடம் கண்டதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் உயிரோடுதான் இருக்கின்றனர் என்பதையும் கூறவேண்டும். இம்மருந்தின் சூழ்ச்சியே அதில்தான் உள்ளது. இன்று போட்டால் நாளை சாவு வருவதில்லை. தசை இன்றே வருகிறது. தண்டனை என்றோ வருகிறது.

தாத்தாவும் பேரனும்

இனி, அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். அவர் ஒப்பீட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. தங்கவயலில் ஆயிரக்கணக்கான தமிழர் உடம்பைத் தேய்த்தனர். சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயைப் பெற்றனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது இருமலோடு வீட்டுக்கு வந்தவர்களை நாம் அறிவோம். அவர்கள் செய்ததும் உடம்பைக் கொடுத்து ஒன்றை வாங்கியதே. அப்படியாயின் வேறுபாடு எங்கே?

தாத்தா தம் பிள்ளைக்காகச் செய்தார், பேரன் தமக்காகச் செய்கிறார் என்பது ஒரு விடை. ஆனால் அஃது அரைகுறை விடையே. தமக்கென ஒன்றை விரும்புதல் பாவமன்று. அழகாக விளங்க வேண்டும், மேடையேற வேண்டும் என்னும் விருப்பமும் மனித இயல்புதான்.

நாம் காணும் வேறுபாடு வேறு. தாத்தாவுக்கு வேறு வழி திறந்திருக்கவில்லை. அவரைத் தூசிக்குள் அனுப்பியது வறுமை. அந்நிலையில் அவர் பிள்ளைக்காகத் தாங்கிய பொறுமையைத்தான் நாம் தியாகம் என்கிறோம். நுரையீரல் அழிந்ததை அன்று. அழிவு அநீதி, பொறுமை தியாகம். இவ்விரண்டையும் மேடையில் நாம் பிரித்துச் சொல்லாததே பிழை. ‘உடம்பை அழித்துக்கொள்வதே உயர்வு’ என்று பேரன் பொருள் கொண்டதற்கு நம் மேடைப் பேச்சும் ஒரு காரணம். அந்தத் தாத்தா உயிரோடு இருந்து கேட்கப் பெற்றால், ‘நான் இருமியது என் பேரன் இருமாமல் இருக்கவே’ என்றுதான் கூறியிருப்பார். அவர் விட்டுச்சென்ற சொத்து, கெடாத ஓர் இதயமும் ஈரலும் உடைய பேரன்தான்.

என் உடம்பு எனக்குச் சொந்தம் என்பது இரண்டாவது வாதம். சொந்தமே, மறுக்கவில்லை. ஆனால் எந்த ‘எனக்கு’? இருபத்து மூன்று அகவையில் ஊசி போட்டுக்கொள்பவர் ஒருவர். நாற்பத்தைந்து அகவையில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நிற்பவர் மற்றொருவர். மகவு வேண்டி மருத்துவமனை வாயிலில் மனைவியோடு காத்திருப்பவர் மூன்றாமவர். மூவரும் ஒருவரே என்றாலும், கடன் வாங்குபவர் முதலாமவர். தவணை கட்டுவோர் பின்னிருவர். அவர்களைக் கேட்டா கடன் வாங்கப்பட்டது? பிறர் பெயரில், அவர் ஒப்புதலின்றிக் கடன் வாங்குதலை உலகம் என்ன பெயரிட்டு அழைக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. நாளைய தாமும் தமக்கு ஒருவகையில் பிறரே. அவருக்கும் இந்த உடம்பில் பங்கு உண்டு.

வாழ்வில் எல்லாமே இடர்தானே, மலையேறுபவரும் இடருக்குத் துணிகிறாரே எனலாம். துணியலாம். ஆனால் துணிவுக்குத் தெளிவு வேண்டும். மலையேறுபவருக்கு மலையின் உயரம் தெரியும். இவருக்கோ குப்பியில் உள்ளது யாதென்றே தெரியாது. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து, மறைவாகக் கைமாறி வருகிறது. மேலுறையில் எழுதியதுதான் உள்ளே உள்ளது என்பதற்கு உறுதி யார்? அறியாமல் எடுக்கும் முடிவைத் தன்னுரிமை என்று சொல்லுதல் அச்சொல்லுக்கு இழிவு.

தனி ஒருவர் குற்றமா?

இன்னொன்றும் உண்டு. இம்முடிவை எடுப்பவர் எப்போதும் தனியராக எடுப்பதில்லை. பழைய கிழக்கு ஜெர்மனியில் அரசே திட்டமிட்டு விளையாட்டு வீரர்க்கு ஸ்டீராய்டு தந்தது. வைட்டமின் என்று சொல்லிச் சிறுமியர்க்கும் நீல மாத்திரைகளைக் கொடுத்தனர். அதற்குப் பொறுப்பாயிருந்த அதிகாரிகளைப் பெர்லின் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2010இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் பெண்கள் தொடரோட்டத்தில் இந்தியா தங்கம் வென்றபோது நாம் எல்லாரும் கண்ணீர் மல்க மகிழ்ந்தோம். ஓடிய நால்வருள் கருநாடகத்தின் அசுவினி அக்குஞ்சி உள்ளிட்ட மூவர், 2011இல் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினர். அசுவினியிடம் கண்டது மெத்தாண்டினோன். 1958இல் டயனபால் என்னும் பெயரில் வந்த அதே பொருள். பயிற்சியாளர் தந்த ஜின்செங் என்னும் ஊட்டப்பொருளின் வழியே அது வந்திருக்க வேண்டும் என்பது வீராங்கனைகளின் வாதம். அந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். வீராங்கனைகளுக்கு முதலில் ஓராண்டும், பின்னர் மேல்முறையீட்டில் ஈராண்டும் தடை விதிக்கப்பட்டது.

திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பெங்களூரில் வருமான வரித்துறையில் பணியாற்றிய கோமதி மாரிமுத்து, 2019இல் தோகாவில் ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். தமிழகமே கொண்டாடியது. நாண்ட்ரலோன் என்னும் ஸ்டீராய்டின் சுவடு சோதனையில் காணப்பட்டதால் பதக்கம் பறிபோயிற்று. நான்காண்டுத் தடையும் வந்தது. தடை செய்த எதனையும் தாம் உட்கொண்டதில்லை என்பது அவர் கூற்று. விதியோ, உடம்பில் காணப்படும் பொருளுக்கு உடம்புக்குரியவரே பொறுப்பு என்கிறது. வெற்றி பெற்ற அன்று அவரைச் சுற்றி எத்தனை பேர் நின்றோம்! வீழ்ந்த அன்று எத்தனை பேர் நின்றோம்?

2023ஆம் ஆண்டில் இந்தியாவில் சோதித்த 5606 மாதிரிகளுள் 213இல் தடை செய்யப்பட்ட பொருள்கள் காணப்பட்டன. மிகுதியாகச் சோதனை நடத்தும் நாடுகளுள் இதுவே மிக உயர்ந்த விழுக்காடு. 2022இல் நாடாளுமன்றம் ஊக்க மருந்துத் தடுப்புச் சட்டமும் இயற்றியுள்ளது. ஆயின் அச்சட்டம் காண்பது விளையாட்டு வீரரை. தெருமுனைப் பயிற்சிக்கூடத்தில் கண்ணாடி முன் நிற்கும் நம் வீட்டுப் பிள்ளையை அன்று. அவரைக் காண வேண்டியவர் நாம்.

காண்கின்றோமா? உறவினர் கூடும் திருமணங்களில், “என்னப்பா, இப்படி இளைத்துப் போயிருக்கிறாய்?” என்று பலர் முன்னிலையில் கேட்கின்றோம். ஆறு திங்களில் உருவம் மாறி வந்தால், “இப்போதுதான் ஆண்பிள்ளை போலிருக்கிறாய்” என்று முதுகில் தட்டுகின்றோம். எப்படி மாறினாய் என்று மட்டும் கேட்பதில்லை. பிழைக்க வந்த ஊரில் நாலு பேர் மதிக்க வேண்டும் என்னும் ஏக்கம் நம் குடும்பங்களில் தலைமுறைதோறும் இருந்து வருகிறது. அந்த ஏக்கமே அந்த ஊசிக்குள்ளும் இருக்கிறது.

நாம் சொல்லும் விடை

அல்சூர் ஏரியை அடுத்து வள்ளுவர் சிலை நிற்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டதை நம்முள் பலர் நேரில் கண்டோம். காத்திருந்து கிடைத்தது என்பதாலேயே அந்நாளின் மகிழ்ச்சி இன்றும் நெஞ்சில் நிற்கிறது. அப்பெரியார் ‘மருந்து’ எனத் தனி அதிகாரமே வகுத்தார். திறந்து பார்ப்பவர் வியப்பர். அதில் பெரிதும் பேசப்படுவது மருந்தன்று, உணவின் அளவே. அளவறிந்து வாழ்வார்க்கு மருந்து வேண்டா என்பது அதன் சாரம்.

எனவே தம்பிக்கு நாம் கூறுவது இது. நீங்கள் செய்வதைக் குற்றம் என்று நாம் சொல்ல மாட்டோம். கடன் என்று சொல்வோம். வட்டி எவ்வளவு என்று எழுதப்படாத பத்திரத்தில் இட்ட கையொப்பம் அது. இன்னும் மீளலாம். வெட்கப்படாமல் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் சென்று, என்ன போட்டீர்கள், எவ்வளவு, எத்தனை நாள் என ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். குருதியையும் இதயத்தையும் ஈரலையும் சோதித்துக்கொள்ளுங்கள். நிறுத்திய பின் மனம் தளர்ந்தால் அது உங்கள் கோழைத்தனமன்று, இயக்குநீரின் குறைவு. அந்நாள்களில் தனித்திராதீர்கள், நம் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். கண்டதும் வசைபாடினால் பிள்ளை ஒளிப்பார். ஒளித்தால் மருத்துவரைக் காணமாட்டார். கேளுங்கள்; கேட்டபின் பேசுங்கள்.

மருந்து ஒருநாள் தீங்கற்றதாகிவிட்டால் என் செய்வீர் எனத் தம்பி மேலும் கேட்கலாம். அப்போதும் ஒன்று குறையும். கே. வி. ஐயரின் தோளைக் கண்டபோது மக்கள் கண்டது தோளை மட்டுமன்று. அதன் பின்னிருந்த விடியல்களை. தங்கவயல் தாத்தாவின் காய்த்த கையைத் தொட்டபோது நாம் தொட்டது கையை மட்டுமன்று, அவர் வாழ்வை. உடம்பு ஒருவர் வாழ்ந்த வாழ்வுக்குச் சான்று. அந்தச் சான்றை விலைக்கு வாங்க முடியாது.

தம்பி அன்று சென்றபின் இதுவரை வரவில்லை. இம்மலர் அவர் வீட்டுக்கும் செல்லும். அவர் இதனைப் படிப்பார். படித்து நம்மோடு வழக்காடவாவது ஒருநாள் வருவார். அவர் வரவை எதிர்நோக்கியிருக்கின்றோம்.